பரீட்சைக்குப் பிறகு வரும் விடுமுறை: பதினாறு வயதில் எந்த இடாப்பிலும் இல்லாத பிள்ளைகள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாள் முடிகிற மத்தியானம் கொழும்பிலும் ஒன்றுதான், கொக்கிளாயிலும் ஒன்றுதான். ஒருவரின் வெள்ளைச் சீருடையில் மற்றவர் பெயர் எழுதுவது, ஆட்டோகிராப் கொப்பி, மை விசிறல், பரீட்சை நிலைய வாசலில் பொலிஸ், கைத்தொலைபேசியில் ஒரு கூட்டுப் படம். பதினொரு வருடப் பள்ளிக்கூட வாழ்க்கையின் ஒரு பெரிய பகுதி அன்றோடு முடிகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு யாரும் எழுப்பமாட்டார்கள். பிள்ளைகள் இதை விடுமுறை என்கிறார்கள். தாய் தகப்பனும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

2024 ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2025 மார்ச் 17 இலிருந்து 26 வரை நடந்தது. பெறுபேறு ஜூலை இரண்டாம் வாரத்தில் வந்தது. இடையில் மூன்றரை மாதம். இந்தக் கட்டுரை அந்த மூன்றரை மாதத்தைப் பற்றியது. பெறுபேற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உண்மையில் எழுதிவிட்டார்கள். பெறுபேறு வந்த இரவிலிருந்து எங்கள் செய்தித் தளங்களையும் முகநூலையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 9ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள், பாடசாலை வாசலில் பனர், அதிபருக்கு வாழ்த்து, ரியூசன் நிலையங்களின் விளம்பரம். அந்தப் பிள்ளைகள் உழைத்துப் பெற்ற பெறுபேறு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாடு முழுவதிலும் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் 13,392 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. மற்றவர்களைப் பற்றி எமக்குச் சொல்லப்படுவது ஒரேயொரு இலக்கம்தான். உயர்தரம் கற்கத் தகுதி பெற்றவர்கள் நாடளாவிய ரீதியில் 73.45 வீதம், வட மாகாணத்தில் 69.86 வீதம். ஒன்பது மாகாணங்களில் வடக்கு ஒன்பதாவது. உடனே வழமையான ஒப்பாரி தொடங்கியது: யாழ்ப்பாணத்தின் கல்வி வீழ்ந்துவிட்டது, பிள்ளைகள் போனோடு கிடக்கிறார்கள், போதைப்பொருள், ரிக்ரொக், ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை.

முதலிடத்தில் இருக்கும் தென் மாகாணம் 75.64 வீதம். அதற்கும் எமக்கும் இடையில் ஆறு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. இதை வீழ்ச்சி என்று அலறுவதற்கு முன்னர், அந்த 69.86 க்குள் நல்லூரும் துணுக்காயும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது. இன்னொன்றும் இருக்கிறது. தகுதி பெற்றவர் என்றால் உயர்தரம் படிக்கிறவர் என்று பொருள் இல்லை. முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் மூன்றில் திறமைச் சித்தி எடுத்த ஒரு பிள்ளை தகுதிப் பட்டியலில் இருக்கும். அது ஜூலை மாதம் எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி. மேசனுக்குக் கையாளாக நிற்கலாம். கொழும்பில் ஒரு கடையில் நிற்கலாம். கடலில் நிற்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கிற கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை என்பதுதான் இங்கே விசயம்.

இந்த இடைவெளி புதிதல்ல. பரீட்சை டிசம்பரில் நடந்த காலத்திலும் பெறுபேறு மார்ச் கடைசியில்தான் வரும், மூன்று மாதம் சும்மா இருக்க வேண்டும். கொரோனா அதை இழுத்துவிட்டது. 2021 ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2022 மே 23 இல் தொடங்கி ஜூன் 1 இல் முடிந்தது. நாடு பெற்றோல் வரிசையில் நின்ற நேரம் அது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. பெறுபேறு நவம்பர் 25 இல் வந்தது. அடுத்த தொகுதிக்கு 2023 ஜூன் 8 இல் முடிந்த பரீட்சையின் பெறுபேறு, நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கும்போதுதான் கிடைத்தது. கிட்டத்தட்ட ஆறு மாதம். 2024 மே மாதத்தில் எழுதியவர்களுக்குச் செப்ரெம்பர் கடைசிவரை காத்திருப்பு. 2025 இல் அது மூன்றரை மாதமாகக் குறைந்தது. பரீட்சைத் திணைக்களம் அட்டவணையை மெல்ல மெல்லப் பழைய ஒழுங்குக்கு இழுத்து வருகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நாட்களை எண்ணுவதால் மட்டும் இது விளங்காது. மூன்று மாதம் ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு வெளியேறும் வாசல். எது என்பதை விடுமுறையின் நீளம் தீர்மானிப்பதில்லை. அந்தப் பிள்ளைக்குத் திரும்பிப் போக ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது.

யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பாடசாலைகளில் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழாது. அதே மதில், அதே வாசல், அடுத்த கட்டடத்தில் உயர்தர வகுப்பு. பரீட்சை முடிந்த வாரமே ரியூசனில் தியறி வகுப்பு தொடங்கிவிடும். பெறுபேறு வரும்போது உயர்தரத்தின் முதல் அலகுகள் முடிந்திருக்கும். அந்தப் பிள்ளையின் முறைப்பாடு, தனக்கு விடுமுறையே கிடைக்கவில்லை என்பதுதான். அதுவும் நியாயமான முறைப்பாடு. பதினாறு வயதில் ஒரு மாதமாவது படுத்துக்கிடக்கவும் பந்தடிக்கவும் விடாத ஒரு கல்விமுறையைப் பற்றி வேறாக எழுதவேண்டும்.

வன்னியிலும் தீவுகளிலும் கதை வேறு. இலங்கையில் சுமார் பத்தாயிரம் அரச பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உட்பட எல்லாம் உள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம்தான். 1சி பாடசாலைகளில் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 பாடசாலைகள் 11 ஆம் தரத்தோடு முடிந்துவிடும். இந்த வகைப்பிரிப்பு பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாது. பிள்ளை 11 ஆம் தரம் முடிக்கிற அன்றுதான் தெரியவரும். தன் ஊர்ப் பள்ளிக்கூடம் வகை 2 என்றால், பரீட்சை எழுதி முடித்த பிள்ளை விடுமுறையில் இல்லை. அதற்குப் பள்ளிக்கூடமே இல்லை. இனி இன்னொரு பாடசாலையைத் தேடி, விண்ணப்பம் எழுதி, விடுகைப் பத்திரம் எடுத்து, அங்கே அதிபரைச் சந்தித்து, இடம் கேட்க வேண்டும். அந்தப் பாடசாலை பத்து, பதினைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். அந்த ஒன்று தவறினால் அன்றைய நாள் போனது.

மானிய விலையில் மாணவர்களுக்குக் கொடுக்கும் பஸ் சீசன்கூடப் பாடசாலையின் உறுதிப்படுத்தலோடுதான் கிடைக்கும். பாடசாலை இல்லாத பிள்ளைக்குச் சீசன் இல்லை. ஆகவே இடம் தேடி அலையும் காலத்தில் முழுக் கட்டணம். நாட்கூலி வீட்டில் இது சின்ன விசயமல்ல.

நெடுந்தீவுப் பிள்ளை விஞ்ஞானப் பிரிவு படிக்க ஆசைப்பட்டால் கடலைத் தாண்ட வேண்டும். குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலப் படகுப் பயணம், அதற்குப் பிறகு பஸ். தினமும் போய்வர முடியாது என்றால் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடு, அல்லது விடுதி. சொந்தக்காரரும் இல்லை, விடுதிக் காசும் இல்லை என்றால் கலைப் பிரிவு. அந்தப் பிள்ளையின் பெறுபேற்றைப் பார்க்கிற யாருக்கும் அது ஏன் விஞ்ஞானம் எடுக்கவில்லை என்று தெரியாது.

இப்படிப் பார்த்தால், பிள்ளைகள் படிப்பை விடுவது என்பது ஒருநாளில் எடுக்கிற முடிவல்ல. ஏப்ரலில் ஒரு மாமா கராஜுக்குக் கூப்பிடுவார், சும்மாதானே இருக்கிறாய், கொஞ்சநாள் வந்து நில் என்று. மே மாதம் கையில் சம்பளம் வரும். அந்தக் காசு நுண்கடன் தவணைக்கோ தங்கச்சியின் சப்பாத்துக்கோ போகும். வீட்டின் கணக்கில் அது ஒரு வரியாக ஏறிவிடும். ஜூன் மாதம் ஒரு போன், தவணை முறையில். ஜூலையில் பெறுபேறு வரும்போது கேள்வி மாறியிருக்கும். படிப்பதா விடுவதா என்பதல்ல அப்போதைய கேள்வி. மாதாமாதம் வருகிற இந்தக் காசை நிறுத்துவதா என்பதுதான். யாரும் படிப்பை விடச் சொல்லவில்லை. தாய் படி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நான்கு மாதமாக வீட்டுக்குக் காசு கொடுத்த ஒரு பெடியனை மறுபடி வெள்ளைச் சேர்ட் போட்டு வகுப்பில் உட்காரச் சொல்வது லேசான காரியமில்லை.

பெண்பிள்ளைகளின் விடுமுறை இதைவிடச் சத்தமில்லாதது. தாய் கூலி வேலைக்கோ நண்டுத் தொழிற்சாலைக்கோ போகிற வீட்டில் சமையலும் தம்பி தங்கச்சியும் அவளிடம் வந்துவிடும். தாய் வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பஸ் தூரம், இருட்டுப்பட்ட ஒழுங்கை, ஊர் வாய் எல்லாம் சேர்ந்து, தள்ளியுள்ள பாடசாலைக்கு அனுப்பத் தயங்குவார்கள். தையல் வகுப்புக்கு அனுப்புவார்கள், அது பக்கத்தில் இருக்கும். சிலர் அந்த மாதங்களில் சேர்ந்து வாழப் போய்விடுகிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன் சட்டப்படி திருமணம் இல்லை என்பதால் அது எந்தப் பதிவிலும் வராது. பிறகு குழந்தை பிறக்கிறபோது மருத்துவமாதுவின் பதிவேட்டில்தான் அவள் பெயர் மறுபடி தோன்றும்.

சட்டம் இந்த இடத்தில் என்ன செய்கிறது? 2016 இல் கட்டாயக் கல்வி வயது ஐந்திலிருந்து பதினாறுவரை என்று நீடிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அது பதினான்கு. 2021 இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் பதினாறாக்கப்பட்டது. இரண்டும் நல்ல திருத்தங்கள், ஒன்றோடொன்று பொருந்திப்போகவேண்டும் என்றே செய்யப்பட்டவை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 மார்ச்சில் முதல் தடவையாகத் தோற்றிய வழமையான வயதுப் பிள்ளைகள் 2008 பெப்ரவரிக்கும் 2009 ஜனவரிக்கும் இடையில் பிறந்தவர்கள். பரீட்சை நாளில் எல்லோருக்கும் பதினாறு முடிந்திருந்தது. அதாவது கல்விச் சட்டம் கையை விடுகிறது, தொழிற் சட்டம் வாசலைத் திறக்கிறது, பாடசாலையின் இடாப்பு முடிகிறது. மூன்றும் ஒரே இடத்தில் நடக்கின்றன. பதினான்கு வயதில் பள்ளிக்கு வராமல் நின்றால் ஆசிரியர் வீட்டுக்கு வருவார், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் பெயர் போகும். பதினாறு முடிந்து பரீட்சையும் எழுதிய பிள்ளைக்காக வாசலுக்கு வரவேண்டிய கடமை அவர்களில் ஒருவருக்கும் இல்லை. அந்தப் பிள்ளை இடைவிலகியவரும் அல்ல. ஏனென்றால் அது 11 ஆம் தரத்தை முடித்துவிட்டது. புள்ளிவிபரத்தின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

இதில் போருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பதினாறு வருடம் கடந்துவிட்டது, இந்தப் பிள்ளைகளுக்குப் போர் ஞாபகத்திலும் இல்லை. உண்மை. ஆனால் மேலே சொன்ன பிறந்த திகதிகளை இன்னொருமுறை பாருங்கள். வன்னியில் பிறந்தவர்கள் என்றால், கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் இடுப்பில் தூக்கிச் செல்லப்பட்ட கைக்குழந்தைகள் இவர்கள். பால்மா இல்லாத மாதங்களில் பால்குடிக்கிற வயது. பலர் முதலில் நடை பழகியது செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரத் தெருவில். சிலருக்குத் தகப்பன் இல்லை. சிலருக்குத் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்ற விடை இல்லை. அந்தக் கேள்வியோடு தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் உட்கார்ந்தார்கள். போராட்டக் கொட்டகையில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகளும் இந்தத் தொகுதியில் இருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது தாய்மாரின் வயது. இன்றைக்கு முப்பத்தைந்தைச் சுற்றி நிற்கிற அந்தப் பெண்கள் தங்களுடைய பதினாறு, பதினேழு வயதைக் கழித்தது 2006 க்கும் 2009 க்கும் இடையில். நான் சாதாரண தரம் எழுதியது 2006 டிசம்பரில், யாழ்ப்பாணத்தில். ஓகஸ்டிலேயே ஏ9 வீதி பூட்டப்பட்டிருந்தது. பரீட்சைக்குப் பிறகான என் விடுமுறை என்பது சங்கக்கடை வரிசையும் ஊரடங்கும்தான். ஆனால் எனக்கு உயர்தர வகுப்பு இருந்தது, போனேன். முகமாலைக்கு அந்தப் பக்கம் என் வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையை முடிப்பது என்பதே ஆபத்தான வயதுக்குள் நுழைவதாக இருந்தது. ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். பதினாறு, பதினேழில் அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். இதை நாங்கள் பொதுவெளியில் அதிகம் பேசுவதில்லை, பேசுகிறவர்கள் எந்தப் பக்கம் என்று பார்க்கப்படுகிறார்கள் என்பதால். ஆனால் இன்றைய பெற்றோரின் கல்வி எங்கே அறுந்தது என்று அறியாமல் இன்றைய பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேச முடியாது. அது அறுந்தது சரியாக இதே வயதில், இதே வகுப்பில்.

அந்தத் தாய் தன் மகளை உயர்தரத்துக்கு அனுப்ப விரும்பவில்லை என்றல்ல. பெரும்பாலான தாய்மார் அதைத்தான் விரும்புகிறார்கள், தங்கள் தாலிக்கொடி அடகில் போனாலும். ஆனால் 11 ஆம் தரத்துக்குப் பிறகு என்ன நடக்கும், எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறது, தொழில்நுட்பப் பிரிவுக்கும் தொழிற்பிரிவுக்கும் என்ன வித்தியாசம், விண்ணப்பத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பவை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவருக்கு யாரும் தரவில்லை. நகரத்துப் பெற்றோர் இந்த மூன்றரை மாதத்தில் செய்கிற வேலை முழுவதும் இந்தத் தகவலை வைத்துத்தான் நடக்கிறது. இங்கே பிள்ளை விடுமுறையில் இருக்கிறது, பெறுபேறு வந்தால் பார்ப்போம் என்று வீடும் காத்திருக்கிறது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் குடும்பங்கள் வரும். அவர்களின் பிள்ளைகளுக்கும் இது விடுமுறை, கோடை விடுமுறை. ஒரே வீட்டு முற்றத்தில் ஒரே வயதுடைய இரண்டு மச்சான்மார் நிற்பதைப் பார்க்கலாம். ஒருவன் கிளிநொச்சியில் சாதாரண தரம் எழுதியவன், மற்றவன் இலண்டனில் ஜிசிஎஸ்இ எழுதிவிட்டு வந்தவன். இலண்டன் பெடியனின் பரீட்சை ஜூனில் முடிந்தது, பெறுபேறு ஓகஸ்டின் மூன்றாம் கிழமைதான் வரும். அவனும் காத்திருக்கிறான். அவனுக்கும் இரண்டு மாதம் சும்மாதான். ஆகவே வித்தியாசம் விடுமுறையில் இல்லை. அவன் பரீட்சை எழுதுவதற்கு முன்னரே அடுத்த இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பித்து, இன்ன பெறுபேறு வந்தால் உனக்கு இந்த இடம் என்று ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் விடுமுறைக்குள் நுழைந்தான். பெறுபேறு குறைந்தால் வேறொரு கல்லூரி, வேறொரு தொழிற்கல்வி. 2015 இலிருந்து இங்கிலாந்தில் பதினெட்டு வயதுவரை ஏதோ ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தே ஆகவேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்திருப்பது அங்குள்ள உள்ளூராட்சி நிர்வாகத்தின் கடமை. அங்கும் பிள்ளைகள் தொலைகிறார்கள்தான். ஆனால் தொலைந்தால் யார் தேட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சிப் பெடியனிடம் அந்தக் கடிதம் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு. அதைக் கொடுக்க வெளிநாட்டுக் கடனோ புதிய கட்டடமோ தேவையில்லை.

அரசாங்கத்துக்கு இந்தப் பிரச்சினை தெரியாது என்று சொல்ல முடியாது. 2024 இல் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, பெறுபேறு வரும்வரை காத்திராமல், உயர்தர வகுப்புகளைத் தொடங்கும்படி கல்வி அமைச்சு அறிவித்தது. எண்ணம் சரியானது. ஆனால் அது யாருக்கு உதவியது என்று பாருங்கள்: தன் பாடசாலையிலேயே உயர்தரம் உள்ள பிள்ளைக்கு. வகை 2 பாடசாலையில் இருந்து வருகிற பிள்ளை பெறுபேற்றுத் தாள் கையில் இல்லாமல் புதிய பாடசாலையின் வாசலில் போய் நின்றால், அதிபர் எதை வைத்துச் சேர்ப்பார்? சேர்த்துக்கொண்ட அதிபர்கள் இருக்கிறார்கள், அவர்களின் நல்ல மனதால். நல்ல மனது ஒரு நடைமுறை ஆகாது. முன்னேற்பாடில்லாமல் வகுப்பை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால், ஏற்கெனவே முன்னால் நிற்கிற பிள்ளை இன்னும் மூன்று மாதம் முன்னுக்குப் போய்விடும்.

2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் இன்னொரு நல்ல எண்ணம். சாதாரண தரத்தில் கணிதம் தவறினாலும் பாடசாலையிலேயே தொழிற்பிரிவில் இரண்டு வருடம் தொடரலாம், பெறுபேறு தடையில்லை. வட மாகாணத்தில் தகுதி பெறாமல் நிற்கிற அந்த முப்பது வீதத்துக்காகவே செய்தது போன்ற திட்டம். எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அதைப் படிக்காதவர்களின் பிரிவு என்று நாங்களே பெயர் வைத்திருப்பது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வெளியே வருகிற ஒரு மின்னியல் பையனுக்கு உள்ள வருமானம், கலைப் பட்டம் முடித்து வேலை கேட்டுக் கச்சேரி வாசலில் குந்தியிருக்கும் பட்டதாரிக்கு இல்லை. இது எல்லா வீட்டிலும் தெரியும். ஆனாலும் கலியாணப் பேச்சில் பட்டதாரிதான். கராஜில் சம்பளத்துக்கு நிற்கிற அதே பெடியன் அதே வேலையைச் சான்றிதழோடு கற்றிருக்கலாம் என்பதை மார்ச் மாதமே அவனிடம் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

2026 இல் தொடங்கவுள்ளதாக அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தைப் பற்றி 2025 இல் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் நிறையப் பேசப்பட்டது. அது 1 ஆம், 6 ஆம் தரங்களிலிருந்து ஆரம்பமாகும் என்றார்கள். 2026 இல் 6 ஆம் தரத்தில் இருக்கும் பிள்ளை 11 ஆம் தரத்துக்கு வர 2031 ஆகும். அதுவரை பழைய முறையிலேயே ஒவ்வொரு வருடமும் ஒரு தொகுதி வெளியே வரும். அந்தத் தொகுதிகளுக்கு சீர்திருத்தத்தில் இடமில்லை.

மாகாண மட்டத்தில், வலயக் கல்விப் பணிமனை மட்டத்தில் செய்யக்கூடியவை இருக்கின்றன. 11 ஆம் தரத்தோடு முடிகிற ஒவ்வொரு பாடசாலைக்கும் உயர்தரம் உள்ள ஒரு பாடசாலையை முன்கூட்டியே இணைத்துவிடலாம். பரீட்சைக்கு முன்னரே பிள்ளையிடம் விருப்பப் பிரிவைக் கேட்டு, பெறுபேற்றுக்கு உட்பட்ட தற்காலிக அனுமதிக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம். அந்தக் கடிதத்தை வைத்தே பஸ் சீசன் கொடுக்க ஒழுங்கு செய்யலாம். பெறுபேறு வந்து ஒரு மாதத்தில், போன வருடம் இந்தப் பாடசாலையில் 11 ஆம் தரத்தில் இருந்த இன்னின்ன பிள்ளைகள் இன்று எங்கே என்று ஒரு தாள் நிரப்பச் சொல்லலாம். இந்தக் கடைசி வேலை முதலாவதாக நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு மாவட்டத்திலாவது அந்தத் தாள் நிரப்பப்பட்டால், வடக்கின் கல்வி பற்றிய எங்கள் விவாதம் 9ஏ படங்களைத் தாண்டி வேறொரு இடத்துக்குப் போகும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபம், வரவேற்பு வளைவு, ஸ்மார்ட் வகுப்பறை, பெறுபேற்றுக்குத் தங்கப் பதக்கம் என்று கோடிக்கணக்கில் செலவாகிறது. பெயர்ப்பலகை வைக்கக்கூடிய உதவிகள் இவை. ஒரு வகை 2 பாடசாலையிலிருந்து உயர்தரத்துக்குப் போகிற பதினைந்து பிள்ளைகளுக்கு இரண்டு வருட பஸ் காசுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. சின்னப் பாடசாலைகளுக்கு இலண்டனில் பழைய மாணவர் சங்கமே இல்லை. அங்கே படித்தவர்கள் இலண்டன் போகவில்லை.

2025 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2026 பெப்ரவரியில். அதற்குரிய தொகுதியினர் 2009 பெப்ரவரிக்கும் 2010 ஜனவரிக்கும் இடையில் பிறந்தவர்கள். வன்னிப் பிள்ளைகள் என்றால் பதுங்குகுழியிலும் பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட மணற்பரப்பிலும் முகாமின் மருத்துவக் கொட்டகையிலும் பிறந்தவர்கள். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் என்ற வரிக்கு என்ன எழுதுவது என்று தாய்மார் தடுமாறிய பிள்ளைகள். அவர்களுக்கு அடையாள அட்டை எடுக்கிற வேலையும் பரீட்சை விண்ணப்பமும் பாடசாலைகள் ஊடாகவே நடக்கின்றன. பெயர், முகவரி, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தோற்றும் பாடங்கள் எல்லாம் உள்ள முழுமையான பட்டியல் ஒவ்வொரு அதிபரின் அலுமாரியிலும் இருக்கிறது. பரீட்சை முடிந்த மறுநாள் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குகிற ஒரு அலுவலகம் இப்போதைக்கு இல்லை.